வைத்தாங்கி முதல் வைனுயோமாட்டா வரை: மாவோரி மழலையர் பள்ளிகளைத் தேடிய ஒரு பயணம்

2024 மே 5, ஞாயிறு – பைஹியா

நியூசிலாந்தில் வடக்கே செல்லும் ஒன்றாம் எண் நெடுஞ்சாலையில் பிரைண்டர்வின் மலைப்பகுதி, சீரமைப்புப் பணிக்காகப் பிப்ரவரி இறுதியிலிருந்து மூடப்பட்டிருந்தது. ஆக்லாந்திலிருந்து மூன்றரை மணி நேரத்தில் முடிய வேண்டிய பயணம், குறுகலான மாற்றுச்சாலைகளில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, ஐந்து மணி நேரத்தை நெருங்கியது. வழியில் ஒரு பண்ணை வாசலில் ஃபெய்ஜோவாப் பழங்களைப் பைகளில் கட்டி வைத்திருந்தார்கள். பை ஒன்று 3 டாலர். விற்பவர் யாரும் இல்லை. தகரப் பெட்டியில் காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். முன்னால் நின்றவரிடம் சில்லறை இல்லாததால் 5 டாலர் நோட்டைப் போட்டார். மிச்சத்துக்காகப் பெட்டியைத் திறக்கவில்லை, கூடுதலாக ஒரு பழத்தையும் எடுக்கவில்லை.

ஆக்லாந்தில் ஒரு மழலையர் மையத்தில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். இந்நாட்டின் மழலையர் பாடத்திட்டமான தே ஃபாரிகி 1996-இல் வெளிவந்தது, 2017-இல் திருத்தப்பட்டது. ஹெலன் மே, மார்கரெட் கார் ஆகியோருடன் டில்லி ரீடி, டமாட்டி ரீடி என்ற, இந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் அறிஞர்களும் சேர்ந்து உருவாக்கிய அந்த ஆவணத்தில், மாவோரிப் பகுதி ஆங்கிலப் பகுதியின் மொழிபெயர்ப்பாக இல்லாமல் தனியாக எழுதப்பட்டது. மாவோரி மொழியும் வழக்கங்களும் எல்லாக் குழந்தைகளின் அன்றாடத்திலும் இடம்பெற வேண்டும் என்று அது கேட்கிறது. நாங்கள் காலையில் ஒரு வணக்கமும், வட்டமாக அமரும் நேரத்தில் வண்ணங்களைப் பற்றிய ஒரு பாட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு, மீதி நாளை ஆங்கிலத்தில் நடத்துகிறோம். அந்த மீதி நாள் மாவோரி மொழியில் எப்படி நடக்கும் என்பதை நேரில் காண வேண்டும் என்று விடுப்பு எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். தெரிந்த ஆசிரியைகள் மூலமாகச் சில இடங்களில் முன்கூட்டியே அனுமதி பெற்றிருந்தேன். அந்த மையங்களின் பெயர்களை அவர்களுடைய விருப்பப்படி இங்கே எழுதவில்லை.

மாலையில் வைத்தாங்கி மைதானத்தில் நடந்தேன். 1840 பிப்ரவரி 6 அன்று பிரித்தானிய அரசின் சார்பில் ஹாப்சனும் மாவோரித் தலைவர்களும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இடம் இது. தலைவர்களில் மிகப் பெரும்பாலோர் கையெழுத்திட்டது மாவோரி மொழிப் பிரதியில்தான். இதே விரிகுடாவின் மறுபக்கத்தில் உள்ள ரங்கிஹோவாவில், ஒப்பந்தத்துக்கு முன்பே, 1816-இல் தாமஸ் கெண்டல் என்ற மதபோதகர் மாவோரிக் குழந்தைகளுக்கான முதல் பள்ளியைத் திறந்தார். அங்கே பாடம் நடந்தது மாவோரி மொழியில். மதம் மாற்றும் நோக்கத்தோடு வந்தவர்கள்கூட, குழந்தையோடு பேச வேண்டுமானால் அதன் வீட்டு மொழியில் பேச வேண்டும் என்பதை உணர்ந்திருந்தார்கள். அந்த நிலையை மாற்றியது பின்னால் வந்த அரசு. 1867-ஆம் ஆண்டின் சுதேசிப் பள்ளிகள் சட்டம் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழி ஆக்கியது.

பைஹியாவில் அச்சகம் நடத்திய வில்லியம் கொலென்சோவைத் தமிழர்கள் வேறொரு காரணத்துக்காகவும் அறிந்திருப்பார்கள். 1836 வாக்கில் ஃபாங்கரெய் அருகே மாவோரிப் பெண்கள் கிழங்கு அவிக்கப் பயன்படுத்திவந்த வெண்கலப் பாத்திரம் ஒன்று, முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று தமிழில் பொறிக்கப்பட்ட உடைந்த மணி என்பது தெரியவந்தது, அவர் அதைக் கண்டெடுத்ததால்தான். இன்று அது வெலிங்டனின் தே பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

விடுதி அறை 165 டாலர். இரவில் கடலிலிருந்து மழை ஏறி வந்தது.

மே 6, திங்கள் – ஹோக்கியாங்கா பக்கம்

இன்று பார்த்தது கோஹங்கா ரெயோ. மாவோரி மொழி மட்டுமே புழங்கும் மழலையர் பள்ளிக்கு அதுதான் பெயர். இந்தக் கோஹங்கா, கிராமத்தின் மாராயே எனப்படும் பொது முற்றத்தை ஒட்டிய ஒரு மரக் கட்டடத்தில் இயங்குகிறது. ஆறு மாதக் கைக்குழந்தை முதல் ஐந்து வயதை எட்டும் சிறுவர் வரை எல்லாரும் ஒரே கூடத்தில்தான் இருக்கிறார்கள்.

வாசலில் காத்திருக்கச் சொன்னார்கள். உள்ளிருந்து ஒரு முதிய பெண்மணி நீண்ட குரலில் அழைத்தார். என்னை அழைத்துவந்த ஆசிரியை அதற்குக் குரல் கொடுத்தபடி நடக்க, நான் பின்னால் சென்றேன். ஒரு முதியவர் வரவேற்றுப் பேசினார். பேச்சு முடிந்ததும் அவருடைய தரப்பினர், குழந்தைகள் உட்பட, எழுந்து பாடினார்கள். விருந்தினர் தரப்பும் பேச்சுக்குப் பின் பாட வேண்டும் என்பது வழக்கம். எனக்குத் தெரிந்த ஒரு தாலாட்டிலிருந்து சில அடிகளைப் பாடினேன். அந்தப் பெண்மணி பிறகு அதன் பொருளைக் கேட்டார். மாமன்மார் கொண்டுவரும் சீரையும் குலப் பெருமையையும் அடுக்கிச் சொல்லும் பாட்டு என்றேன். தங்களிடமும் ஓரியோரி என்ற தாலாட்டு வகை உண்டு, அதில் குழந்தையின் முன்னோர் வரிசையும் அவர்கள் ஏறிவந்த படகும் ஊர்களும் வரும், பாடியே வரலாறு கற்பித்துவிடுவார்கள் என்றார். பின்னர் ஒவ்வொருவராக வந்து மூக்கோடு மூக்கை ஒற்றி வரவேற்றார்கள். மிகச் சிறிய பிள்ளைகளுக்குத் தாய்மார் தூக்கிப் பிடித்து உதவினார்கள்.

அதன் பிறகு ஒன்பது மணி முதல் மூன்று மணி வரை ஆங்கிலச் சொல் ஒன்றும் என் காதில் விழவில்லை. காலை வேண்டுதலுக்குப் பின் குழந்தைகள் தங்கள் மலையையும் ஆற்றையும் படகையும் குலத்தையும் சொல்லித் தங்களை அறிமுகம் செய்துகொண்டார்கள். நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி முழுவதையும் தடையின்றிச் சொல்ல, இரண்டு வயதுப் பையன் மலையின் பெயரை மட்டும் உரக்கக் கூவிவிட்டு உட்கார்ந்துகொண்டான். இருவருக்கும் ஒரே அளவு பாராட்டு. பெரியவள் சிறியவனுக்குச் சொல்லித்தருவது அங்கே தனியாக ஏற்பாடு செய்யப்பட்ட செயலாக இல்லை; கூடத்தின் இயல்பாகவே இருக்கிறது.

என் மனத்தை ஆழமாகத் தொட்டவை பாட்டும் வேண்டுதலும் நடந்த நேரங்கள் அல்ல. கால்சட்டை மாற்றும் மேசையருகே, கை கழுவும் தொட்டியருகே, பொம்மைக்காகச் சண்டை மூண்ட இடத்தில், தூங்க மறுத்து அழுத குழந்தையின் முதுகைத் தட்டியபோது அவர்கள் பேசிய மாவோரி மொழி. அங்கே மொழியைக் கற்பிக்கிறோம் என்ற முனைப்பு யாரிடமும் தெரியவில்லை. குழந்தைக்குப் பசி, தூக்கம், கோபம், ஆறுதல் எல்லாமே அந்த மொழியின் வழியாகத்தான் வந்து சேர்கின்றன.

நடுப்பகலில் பொருள் கொண்டுவந்த ஓர் இளைஞர் தம் தொப்பியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் கையெழுத்துக் கேட்டார். பெண்மணி ஒன்றும் சொல்லாமல் தொப்பியை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு, மேசையைத் துடைத்தார். தலை புனிதமானது, உணவு புழங்கும் இடத்தில் தலையோடு தொடர்புள்ள பொருள் கூடாது என்பது அவர்களுடைய அடிப்படை ஒழுங்குகளில் ஒன்று. அந்த இளைஞர் புரிந்துகொண்டு தலையசைத்தார். மூன்று வயதுப் பிள்ளைகள் இதைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். மேசைமேல் உட்காராதே என்று எங்கள் மையத்தில் படம் ஒட்டி விளக்குகிறோம். இங்கே அதைப் பெரியவர்களின் கைகளைப் பார்த்தே அறிந்துகொள்கிறார்கள்.

சாப்பாடு பன்றி எலும்பும் கீரையும் கிழங்கும் சேர்த்து வேகவைத்த குழம்பு. நான் இறைச்சி உண்பதில்லை என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்த சமையற்காரர், எனக்கென்று தனியாகக் கூமரா என்னும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் பூசணியையும் வேகவைத்திருந்தார். உருளைக்கிழங்கு மாவைப் புளிக்கவைத்துச் சுடும் ரேவெனா ரொட்டி இளஞ்சூடாக இருந்தது. இலேசான புளிப்பு, வெண்ணெயோடு சாப்பிட்டால் ஆப்பத்தின் நினைவு வருகிறது. பின்கட்டில் கவக்கவாச் செடி இருக்கிறது. மிளகுக்கும் வெற்றிலைக்கும் உறவான செடி. இலையும் வெற்றிலையின் இதய வடிவத்திலேயே இருக்கிறது. புழு துளைத்த இலைகளாகப் பார்த்துப் பறித்துவரும்படி குழந்தைகளை அனுப்பினார்கள்; வீரியம் அவற்றில்தான் அதிகம் என்பது முன்னோர் அறிவு. அந்த இலையிலிருந்து தயாரித்த களிம்பைத்தான் அங்கே சிராய்ப்புக்குத் தடவுகிறார்கள்.

குழந்தைகள் தூங்கிய பிறகு, வெளித்திண்ணையில் அந்தப் பெண்மணி ஆங்கிலத்தில் பேசினார். பள்ளியில் மாவோரி பேசியதற்காகத் தோல்வாரால் அடி வாங்கியவர் அவர். “என் பிள்ளைகள் அடிபடக் கூடாது என்று நினைத்து அவர்களிடம் ஆங்கிலமே பேசினேன், மகளே. பேரப்பிள்ளைகளிடம் அதை ஈடு செய்கிறேன்” என்றார். அவர் தலைமுறையில் இப்படிப்பட்டவர்கள் ஏராளம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிராமங்களிலிருந்து நகரங்களுக்குப் பெருந்திரளாகக் குடிபெயர்ந்தபோது, வீட்டு மொழியும் ஒரே தலைமுறையில் ஆங்கிலமானது. 1970களில் ரிச்சர்ட் பென்டன் தலைமையில் நடந்த ஆய்வு, சரளமாக மாவோரி பேசும் குழந்தைகள் அரிதாகிவிட்டார்கள் என்று காட்டியது. அந்த நிலைக்கு விடையாகத்தான் 1982-இல் கோஹங்கா ரெயோ பிறந்தது. பேசத் தெரிந்த தாத்தா பாட்டிகளையும் பேசத் தெரியாத பேரக்குழந்தைகளையும் ஒரே கூடத்தில் சேர்ப்பது, நடுவில் விடுபட்ட தலைமுறையான பெற்றோரை அதன் நிர்வாகத்தில் ஈடுபடுத்துவது என்பது அதன் அமைப்பு. 1990களின் முற்பகுதியில் கோஹங்காக்களின் எண்ணிக்கை 800-ஐயும் குழந்தைகளின் எண்ணிக்கை 14,000-ஐயும் தாண்டின. இன்று 400-க்குச் சற்று மேற்பட்டவையே இயங்குகின்றன.

குறைந்ததற்கான காரணத்தையும் அவரே சொன்னார். 1990-இல் பொறுப்பு மாவோரி விவகாரத் துறையிடமிருந்து கல்வி அமைச்சகத்துக்கு மாறியது. குடும்ப இயக்கமாகத் தொடங்கியது குழந்தைக் காப்பகத்துக்கான விதிகளால் அளக்கப்பட்டது. பின்னர் பதிவு பெற்ற ஆசிரியர்களின் விகிதத்தைப் பொறுத்து மானியம் கூடும் முறை வந்தபோது, மொழியைக் கரைத்துக் குடித்த முதியவர்கள் கணக்கில் சேரவில்லை. கோஹங்காவுக்கென்று தனிப் பயிற்சிப் பட்டயம் இருந்தும் இடைவெளி நீடித்தது. வைத்தாங்கி ஒப்பந்தத்தை அரசு மீறியதாக வரும் முறையீடுகளை ஆராயும் வைத்தாங்கித் தீர்ப்பாயம் இதையும் விசாரித்து, அரசு தன் கடமையில் தவறியிருக்கிறது என்று 2012-இல் தீர்ப்பளித்தது. பட்டம் பெற்ற ஆசிரியை என்ற முறையில் எனக்கு இது சங்கடமாக இருந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும் என்ற கோரிக்கையை நான் மனமார ஆதரிக்கிறேன். ஆனால் இந்தக் கூடத்தில் நான் கண்ட அறிவுக்குச் சான்றிதழ் தரும் தகுதி எந்தப் பல்கலைக்கழகத்துக்கு இருக்கிறது?

பேசிக்கொண்டிருக்கும்போதே சாய்வாக அடித்த மழையில், வாசலில் கழற்றிவைத்த காலணிகள் எல்லாம் நனைந்துவிட்டன. விழித்துக்கொண்ட பையன் ஒருவன் யாரும் சொல்லாமலே சோடி சோடியாக உள்ளே தூக்கிவைத்தான். என் காலணி தொப்பலாக நனைந்திருந்ததால், சமையற்காரர் தம் ரப்பர் காலணியை அணிந்துசெல்லும்படி வற்புறுத்தினார். திருப்பி அனுப்ப முகவரி கேட்டேன். அடுத்த முறை வரும்போது கொண்டுவரச் சொன்னார்.

மே 7, செவ்வாய் – நெடுஞ்சாலையில்

நாள் முழுவதும் மழையில் தெற்கே ஓட்டம். மாற்றுச்சாலையில் மீண்டும் அதே நெரிசல். ஆக்லாந்தைக் கடக்கவே பிற்பகல் ஆகிவிட்டது. பெட்ரோல் லிட்டர் 2.90 டாலரைத் தொட்டிருந்தது. வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் விற்கும் கடையில், உருளைக்கிழங்கு மட்டும் 6 டாலருக்கு வாங்கினேன். ஒருவர் உண்டு முடிக்க முடியாத அளவு.

ஓட்டும்போதெல்லாம் ஆக்லாந்துத் தமிழ்க் குடும்பங்களின் நினைவு வந்துகொண்டிருந்தது. வார இறுதியில் ஓரிரு மணி நேரத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை அழைத்துச்செல்கிறோம். எழுத்துகளை அழகாக எழுதிக் காட்டுகிறார்கள். திரும்பும் வழியில் காரில் ஆங்கிலம் பேசுகிறோம். நமக்குப் பின்னால் தமிழ்நாடும் ஈழமும் இருக்கின்றன என்ற தைரியம் நம்மை இப்படி இருக்கவிடுகிறது. மாவோரி மக்களுக்கு இந்தத் தீவுகளைத் தவிர வேறு தாய்நிலம் இல்லை. 2018 கணக்கெடுப்பின்படி அந்த மொழியைப் பேச முடிந்தவர்கள் ஏறத்தாழ 1,86,000 பேர். நாட்டின் மக்கள்தொகையில் 4 விழுக்காடு.

இரவு எட்டரைக்கு ரொட்டோருவா. கந்தக வாடை ஊர் எல்லையிலேயே வரவேற்றது.

மே 8, புதன் – ரொட்டோருவா

ரொட்டோருவா 2017-இல் இருமொழி நகரமாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. சாலைப் பெயர்ப்பலகையிலும் நூலகத்திலும் மாவோரி தெரிகிறது; காப்பிக் கடைப் பெண் “மோரேனா” என்று வாழ்த்தி, 5.50 டாலருக்குக் காப்பி தந்தாள்.

இன்று சென்றது ஆங்கில வழி மழலையர் பள்ளி. இத்தகைய இடத்தைப் பார்ப்பதுதான் எனக்கு மிகவும் அவசியமாக இருந்தது. காரணம், மாவோரிக் குழந்தைகளில் பெரும்பாலோர் கோஹங்காவில் இல்லை. இப்படிப்பட்ட பொது மையங்களில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தங்கள் மொழி கிடைக்குமா கிடைக்காதா என்பது என்னைப் போன்ற, மாவோரி அல்லாத ஆசிரியைகளின் கையில் இருக்கிறது.

தலைமை ஆசிரியை ஐரோப்பிய வம்சாவளியினர். பல ஆண்டுகளாக இரவு வகுப்பில் மாவோரி படித்துவருகிறார். அவர் மேற்கொண்ட முறை எளிமையானது. சக ஆசிரியைகளோடு கலந்து, ஒரு பருவத்துக்கு ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார். முதலில் கை கழுவும் தொட்டி. அந்த இடத்தில் நின்றால் யாராக இருந்தாலும் மாவோரியில்தான் பேச வேண்டும். “ஹொரொயா ஓ ரிங்காரிங்கா” என்று கை கழுவச் சொல்வது, தண்ணீரை நிறுத்தச் சொல்வது, துண்டைக் கேட்பது என்று பத்துப் பன்னிரண்டு வாக்கியங்கள். ஆசிரியைகள் எல்லாருக்கும் அவை மனப்பாடமாகும் வரை அடுத்த இடத்துக்குப் போவதில்லை. பிறகு சாப்பாட்டு மேசை, அதன் பிறகு மணல் தொட்டி. இப்படிச் சில ஆண்டுகளில் கட்டடத்தின் பாதி மாவோரிக்கு வந்துவிட்டதாம். சீனக் குடும்பத்துப் பையன் ஒருவன் இந்தியச் சிறுமியிடம் மாவோரியில் துண்டு கேட்டதைக் கண்ணால் பார்த்தேன்.

சுவரில் எங்கும் பொதுவான படங்கள் இல்லை. சன்னலுக்கு வெளியே ஏரி; ஏரியின் நடுவில் மொகொயா தீவு. அந்தத் தீவிலிருந்து ஒலித்த டூடானெக்காயின் புல்லாங்குழல் இசையைக் கேட்டு, சுரைக்குடுக்கைகளைக் கட்டிக்கொண்டு இரவில் நீந்திச் சென்ற ஹினெமோவாவின் கதையை, குழந்தைகள் தீவை விரலால் காட்டியபடி எனக்குச் சொன்னார்கள். இந்த ஏரிக்கரையின் தே அராவா மக்களுடைய கதை இது; அதைச் சொல்ல அவர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்ன விதத்திலேயே சொல்கிறார்கள். நாட்டின் எந்த மூலையிலும் ஒரே மாதிரியாகத் தொங்கும் அச்சடித்த சுவரொட்டிகளையும், மத்தாரிகிப் புத்தாண்டு வாரத்துக்காகச் செய்து பின்னர் பெட்டியில் பூட்டப்படும் காகித நட்சத்திரங்களையும் பண்பாட்டைச் சேர்த்துக்கொண்டதற்குச் சான்றாகக் காட்டும் வழக்கத்தின் மீது எனக்கு நீண்ட நாளாக வருத்தம் உண்டு. அந்த வருத்தத்துக்கு இங்கே ஒரு விடையைக் கண்டேன்.

பத்து மணிக்கு உள்ளூர் முதியவள் ஒருத்தி வந்தார்; வாரம் ஒருமுறை வருகிறார். வேலியோரத்தில் ஹரக்கெக்கே என்ற நார்ச்செடி புதராக வளர்ந்திருக்கிறது. வெட்டுவதற்கு முன் ஒரு வேண்டுதல். பிறகு குழந்தைகளைச் செடியருகே அமர்த்தி, நடுக்குருத்து குழந்தை, அதை இருபக்கமும் அணைத்து நிற்பவை பெற்றோர், வெளியே விரிந்தவை தாத்தா பாட்டிகள் என்று காட்டினார். வெட்டுவது வெளி இலைகளை மட்டும்; குருத்தையும் அதன் இரு பக்கத்து இலைகளையும் தொடுவதில்லை. மழையில் வெட்டக் கூடாது என்பதால் சென்ற வாரம் வந்தும் வெறுமனே கதை சொல்லிவிட்டுப் போனாராம். கத்தியைப் பிடித்த நான்கு வயதுப் பையனின் கையை அவர் தம் கையால் மூடிக்கொண்டு ஓர் இலையைச் சரிவாக வெட்டினார். அன்று பின்னிய சிறு தட்டை அவன் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. முதலில் பின்னியதைப் பிறருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது வழக்கம் என்று அதை என் கையில் தந்தான்.

அவனைப் பற்றி ஆசிரியை எழுதிய கற்றல் கதையை எனக்குப் படித்துக் காட்டினார்கள். மதிப்பெண்ணுக்குப் பதிலாகக் குழந்தையின் ஒரு நாளைக் கதையாக எழுதிக் குடும்பத்துக்குக் கொடுக்கும் இந்த முறை மார்கரெட் கார் வளர்த்தெடுத்தது, நாங்களும் எழுதுகிறோம். இங்கே வேறுபாடு, கதையின் கீழே அவனுடைய பாட்டி தம் கையால் எழுதியிருந்த பதில். அவனுடைய கொள்ளுப்பாட்டியும் பின்னுவாள், பெயர் இன்னது, அவள் பின்னிய பாய் எந்த வீட்டில் இருக்கிறது என்று அரைப்பக்கம். அவன் திறமை அவனுடைய தனிச் சொத்தாக எழுதப்படவில்லை. எங்கிருந்து வந்தது என்று எழுதப்பட்டிருந்தது.

முதியவருக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். பெட்ரோல் செலவும், பணியாளருக்குரிய மணிக்கூலியும், பள்ளியின் வரவு செலவுத் திட்டத்திலேயே ஒதுக்கியிருக்கிறார்கள். அன்பளிப்பாக ஒரு டப்பா பிஸ்கட் கொடுத்து முதியவர்களை அழைக்கும் இடங்கள் பல உண்டு என்பதால், இந்த விவரத்தைக் குறித்துக்கொண்டேன்.

மே 9, வியாழன் – ஃபாகாரெவாரெவா, டவுப்போ

காலையில் ஃபாகாரெவாரெவா கிராமம். கொதிநீர்க் குளத்தில் துணிப்பையில் தொங்கவிட்டுச் சோளக்கதிர் அவித்துத் தருகிறார்கள். உப்புச் சேர்க்காமலே இலேசான கரிப்பு. வழிகாட்டிய இளம்பெண் இந்தக் கிராமத்திலேயே வளர்ந்தவர். எந்தப் பாறையில் கால் வைக்கலாம், எந்த நீராவியை விட்டு விலக வேண்டும் என்பதைத் தன் பாட்டி நடை பழகும்போதே மாவோரியில் சொல்லிக்கொடுத்ததாகவும், இன்றும் ஆபத்தென்றால் தன் வாயில் முதலில் வருவது அந்த மொழிதான் என்றும் கூறினார்.

மாலையில் டவுப்போவில் கடுங்குளிர். விடுதியின் சூடேற்றி வேலை செய்யவில்லை. பக்கத்து அறையில் தங்கியிருந்த தம்பதியர் தங்களிடமிருந்த வெந்நீர்ப் பையைக் கொடுத்தார்கள்.

மே 10, வெள்ளி – வெலிங்டன்

காலை ஏழு மணிமுதல் ஒன்பது மணிவரை மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும்படி நாடு முழுவதும் வேண்டுகோள். குளிரின் கடுமை அப்படி. காரின் கண்ணாடியில் பனி உறைந்திருந்தது. டெசர்ட் சாலையில் மூன்று எரிமலைகளும் வெண்மையாக நின்றன.

வெலிங்டனில் நாடாளுமன்றப் படிகளின் அருகே காற்றில் நின்றேன். 1972 செப்டம்பர் 14 அன்று, பள்ளிகளில் மாவோரி கற்பிக்கக் கோரி 30,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு இங்கேதான் கொடுக்கப்பட்டது. ஹானா தே ஹெமாராவும் அவருடைய இளம் தோழர்களும் வீடு வீடாகச் சென்று அந்தக் கையெழுத்துகளைத் திரட்டினார்கள். பதினான்கு ஆண்டுகள் கழித்து, ஹுயிரங்கி வைக்கெரெபுரு முன்னின்று நடத்திய வழக்கில், வைத்தாங்கி ஒப்பந்தம் காப்பதாக உறுதியளித்த செல்வங்களில் மொழியும் ஒன்று என்று தீர்ப்பாயம் கூறியது. 1987-இல் மாவோரி ஆட்சிமொழியானது. கோஹங்காக்கள் அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டன என்பதை நினைத்துப் பார்க்கிறேன். சட்டத்துக்காகக் காத்திருந்தால் ஐந்து வகுப்புக் குழந்தைகள் அந்த மொழியின்றி வளர்ந்திருப்பார்கள்.

சென்ற ஆண்டின் இறுதியில் அமைந்த கூட்டணி அரசு, அரசுத் துறைகள் ஆங்கிலப் பெயரை முன்னிறுத்த வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறது. இரவு உணவுக் கடையில் பக்கத்து மேசையில் அதைப் பற்றித்தான் பேச்சு. ஒரு நாட்டின் முதல் மொழி தன் பெயரைப் பலகையின் எந்த வரியில் எழுதலாம் என்று அனுமதி கேட்க நேர்வது எனக்குப் பொறுக்கவில்லை. 19 டாலருக்கு வாங்கிய நூடுல்ஸ் ஆறிப்போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

மே 11, சனி – வைனுயோமாட்டா

லோயர் ஹட்டிலிருந்து மலையேறி இறங்கினால் வைனுயோமாட்டா. போருக்குப் பின் தொழிலாளர் குடும்பங்களுக்காக எழுந்த புறநகர். இங்கேதான் 1982 ஏப்ரலில் முதல் கோஹங்கா ரெயோ, புக்கேயாட்டுவா என்ற இடத்தில் தொடங்கியது. ஜீன் புக்கேடாபு அதை முன்னின்று நடத்தினார். மொழி மறைந்துகொண்டிருந்தது கிராமத்தில் மட்டுமன்று, இத்தகைய நகர்ப்புறக் குடியிருப்புகளில்தான் வேகமாக மறைந்தது என்பதால், தொடக்கம் இங்கே நிகழ்ந்தது பொருத்தமே. இந்தத் தெருக்களிலிருந்து புறப்பட்ட எண்ணம் கடல் தாண்டிச் சென்றது: 1984-இல் ஹவாயி மொழிக்கான பூனானா லெயோ, 1997-இல் ஃபின்லாந்தில் இனாரி சாமி மொழிக்கான மழலையர் பள்ளி, இந்நாட்டிலேயே சமோவா, டோங்கா மக்களின் மையங்கள். விடுமுறை நாளாதலால் வாயில் பூட்டியிருந்தது. வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகர்ந்தேன்.

பேக்கரியில் ஓர் இளந்தந்தை தோளில் அமர்ந்திருந்த மகளோடு மாவோரியில் விவாதித்துக்கொண்டிருந்தார். அவளுக்கு வேண்டியது கேக், அவர் வாங்க நினைத்தது 6.50 டாலர் விலையுள்ள, காய்கறி அடைத்துச் சுட்ட பை என்னும் பண்டம். நான் கவனிப்பதைக் கண்டு ஆங்கிலத்தில் பேசினார். அவரும் கோஹங்காவில் படித்தவர். ஐந்து வயதில் அருகில் மாவோரி வழித் தொடக்கப்பள்ளி கிடைக்காமல் ஆங்கிலப் பள்ளிக்குச் சென்றபின் மொழி பாதி உதிர்ந்துவிட்டது. மகள் பிறந்ததும் மீண்டும் படிக்கிறார். இன்று தங்கள் கோஹங்காவில் பெற்றோர் கூடித் துப்புரவுப் பணி செய்கிறார்கள் என்றும், நேரம் இருந்தால் வரலாம், துடைப்பம் மிச்சமிருக்கிறது என்றும் சொன்னார்.

சென்றேன். சன்னல்கள் கழுவப்பட்டன, மெத்தைகள் வெயிலில் போடப்பட்டன. பாத்திரம் துடைக்கும் துணியும் கை துடைக்கும் துணியும் ஒரே வாளியில் சேரக் கூடாது என்று எனக்குப் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி பொறுமையாகக் காட்டிக்கொடுத்தாள். பன்னிரண்டு மணிக்கு ரொட்டியும் வறுத்த வெங்காயமும் சாப்பிட்டபடி கூட்டம் நடந்தது. பேசத் தடுமாறியவர்களும் மாவோரியிலேயே தடுமாறினார்கள். யாரும் குறுக்கிட்டு முடித்துவைக்கவில்லை, சொல் கிடைக்கும்வரை காத்திருந்தார்கள். என் பக்கத்திலிருந்தவர் தாழ்ந்த குரலில் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அவர்களுடைய சிக்கல், சரளமாகப் பேசும் ஒரே முதியவருக்கு முழங்கால் வலி. ஐந்து நாளும் அவரால் வர முடியாது. எல்லாரும் ஒப்புக்கொள்ளும் வரை பேசுவது அவர்கள் முறை என்பதால் ஒன்றரை மணி நேரம் ஆனது. முடிவில், செவ்வாயும் வியாழனும் அவரை ஒரு குடும்பம் காரில் அழைத்துவருவது, மற்ற நாள்களில் இரவு வகுப்பில் தேறிய இரு தாய்மார் பொறுப்பேற்பது, அவர்கள் வேலையில் இழக்கும் ஊதியத்தில் ஒரு பகுதியை மாதந்தோறும் உணவு விற்றுச் சேர்க்கும் பணத்திலிருந்து கொடுப்பது என்று தீர்மானித்தார்கள். பேக்கரியில் பார்த்த தந்தை, அடுத்த மாத விற்பனைக்கு வெங்காயம் நறுக்கும் வேலையைத் தம் பெயரில் எழுதிக்கொண்டார்.